கைமாறி வந்த காரில் லோயரிங் ஸ்பிரிங்: வளைவில் நம்பிக்கை வரவில்லை, எங்கிருந்து தொடங்கலாம்?

புதுச்சாவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் கைமாறி வந்த ஹேட்ச்பேக் ஒன்று இருக்கிறது. முன்சக்கர இழுவை, முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுகக்கூடிய உத்திரம்). முந்தைய உரிமையாளர் காரின் உயரத்தைக் குறைக்கும் லோயரிங் ஸ்பிரிங் மாட்டியிருக்கிறார். ஷாக் அப்சார்பர் மட்டும் கம்பெனியில் வந்ததே. சக்கரத்தையும் 15 அங்குலத்திலிருந்து 17-க்கு ஏற்றியிருக்கிறார்.

நிற்கும்போது பார்க்க நன்றாக இருக்கிறது. ஓட்டும்போதுதான் தொல்லை. வளைவின் நடுவில் சின்னப் பள்ளம் வந்தாலும் முன்பக்கம் 'டொக்'கென்று இடிக்கிறது, அதே நொடியில் மூக்கு வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. நெடுஞ்சாலையில் ஒரு மேடு ஏறி இறங்கினால் பாடி இரண்டு மூன்று தடவை ஆடிவிட்டுத்தான் அடங்குகிறது. முன் டயர்களின் உள்விளிம்பு சீக்கிரம் தேய்கிறது.

நான் ரேஸ் ஓட்டப் போவதில்லை. பின்சீட்டில் குடும்பம் உட்காரும். ஆனால் மலைச்சாலையில் வளைவுக்குள் திருப்பும்போது கார் அடுத்து என்ன செய்யும் என்பது கைக்குத் தெரிய வேண்டும். கேட்ட இடத்திலெல்லாம் "காயில்ஓவர் போட்டுவிடு" என்கிறார்கள். அதுதான் வழியா? எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது?

ஆறாவதுகியர் எழுதியது:

நண்பா, ரொம்ப யோசிக்காதீங்க. நல்ல காயில்ஓவர் செட் ஒண்ணு போடுங்க, உயரம் உங்க இஷ்டம், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தியே வரும். என் காரில் முன்னாடி மில்லிமீட்டருக்கு 60 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங். ஸ்டீயரிங்கைத் தொட்டா மூக்கு திரும்புது, பாடி சாயறதே கிடையாது. ஸ்டாக், அதாவது கம்பெனி ஷாக்கோட லோயரிங் ஸ்பிரிங் போட்ட காரை இன்னும் கொஞ்சம் தள்ளி ஓட்டினா ஷாக்கும் போயிடும்.

நியூட்டன்மீட்டர் எழுதியது:

எதையும் வாங்குவதற்கு முன் சில விஷயங்களை அளந்து இங்கே போடுங்கள். அளக்காமல் நாங்கள் சொல்வதெல்லாம் ஊகம்தான்.

முதலில் உயரம். காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் நேர்மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளவெடுங்கள். தரையிலிருந்து எடுக்க வேண்டாம், டயர் தேய்மானமும் காற்றழுத்தமும் அளவைக் குழப்பிவிடும். அடுத்து, முன் ஸ்ட்ரட்டின் தூசு உறையைத் தூக்கிப் பார்த்து, ஷாக்கின் உடலுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் (ஷாக் அமுங்கும்போது கடைசியில் முட்டும் ரப்பர்) நடுவே எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று சொல்லுங்கள். கார் சக்கரத்தில் நிற்கும்போது பார்க்க வேண்டும், ஜாக்கில் தொங்கும்போது அல்ல. ஷாக் தண்டில் ஒரு ஜிப் டையைக் கட்டி, உடலோடு ஒட்டித் தள்ளி வைத்துவிட்டு வழக்கமான சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். தண்டு எவ்வளவு உள்ளே போனது என்பதை அது காட்டிவிடும்.

டயரின் பக்கச்சுவரில் அது தயாரான காலத்தைக் காட்டும் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். அதையும் குறித்து வையுங்கள். ரப்பர் கெட்டித்துப்போன டயரின் மேல் எந்த சஸ்பென்ஷன் போட்டாலும் வீண்.

பட்டறைக்காரன் எழுதியது:

தம்பி, இவர் சொன்ன அளவோடு சேர்த்து வண்டியைத் தூக்கி அடியில் ஒரு தடவை நல்ல வெளிச்சத்தில் பாருங்க. இருபத்தஞ்சு நிமிஷ வேலை. கைமாறி வந்த வண்டியில் பாதிப் பிரச்சனை ரப்பரில்தான் இருக்கும்.

லோயர் ஆர்மில் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோட இணைக்கிற கை) இரண்டு புஷ் (ரப்பர் உருளை) இருக்கு. முன்னாடி இருக்கிறது சின்னது, பின்னாடி இருக்கிறது பெரிசு. அந்தப் பெரிய புஷ்தான் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் தள்ளிப்போகாம தாங்குது. ஒரு நீளமான லிவரை ஆர்முக்கும் சப்ஃப்ரேமுக்கும் (ஆர்ம் மாட்டியிருக்கிற சட்டம்) நடுவில் கொடுத்து நெம்புங்க. ரப்பர் நல்லா இருந்தா கொஞ்சம் கொடுத்துட்டு கெட்டியா திரும்பி வரும். கிழிஞ்சிருந்தா உள்ளே இருக்கிற இரும்பு உருளை தனியா நகர்றது கண்ணுக்கே தெரியும். கிழிசல் வெளியிலிருந்து ஒரு மெல்லிய கோடாத்தான் இருக்கும், நெம்பினாத்தான் வாய் திறக்கும்.

சக்கரத்தை மேலும் கீழுமா பிடிச்சு ஆட்டினா பால் ஜாயின்ட், வீல் பேரிங் ஆட்டம் தெரியும். இடமும் வலமுமா ஆட்டினா, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோட இணைக்கிற டை ராட் முனை. லிங்க் ராடைக் கையால் பிடிச்சு அசைச்சுப் பாருங்க, லூஸா இருந்தா சின்னப் பள்ளத்தில் 'கட கட'ன்னு சத்தம் வரும். ஸ்ட்ரட்டின் மேல்மவுன்ட் கெட்டிருந்தா ஸ்டீயரிங் திருப்பும்போது ஸ்பிரிங் 'டங்'குன்னு துள்ளும்.

ஷாக்கில் லேசா எண்ணெய்ப் படலம் மட்டும் இருந்தா பயப்பட வேண்டாம், அது இயல்பு. ஈரமா வழிஞ்சு கீழே வரை இறங்கியிருந்தா மாத்தியே ஆகணும். பானெட்டைக் கையால் அமுக்கி விட்டு ஷாக்கைச் சோதிக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கு. அதில் முழுசா செத்துப்போன ஷாக் மட்டும்தான் மாட்டும், பாதி செத்தது தப்பிச்சிடும்.

புதுச்சாவி எழுதியது:

பார்த்துவிட்டேன் அண்ணே. வலதுபக்க லோயர் ஆர்மின் பெரிய புஷ் கிழிந்திருக்கிறது. நீங்கள் சொன்னபடியே, நெம்பியதும் வாய் திறந்தது. இடதுபக்கம் விரிசல் விட ஆரம்பித்திருக்கிறது. ஷாக் இரண்டிலும் வழிசல் இல்லை.

உயரம் முன்னால் கம்பெனி அளவைவிட 40 மி.மீ. குறைவு, பின்னால் 30. பம்ப் ஸ்டாப்புக்கு முன்னால் மிச்சம் இருப்பது 12 மி.மீ.தான். ஜிப் டை சாதாரணச் சாலையிலேயே பம்ப் ஸ்டாப்புக்குள் ஏறிப் புதைந்துவிட்டது. அலைன்மென்ட் மெஷினில் காட்டியதில் முன் சக்கரங்கள் டோ அவுட் (முன்விளிம்புகள் வெளிப்பக்கம் விரிந்து நிற்கின்றன). லோயர் ஆர்ம் வெளிமுனை மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. டயருக்கு வயது அதிகமில்லை.

நியூட்டன்மீட்டர் எழுதியது:

நீங்கள் சொன்ன 'டொக்'குக்கு அந்த 12 மி.மீ.தான் விடை. வளைவில் பாடி சாயும்போதே வெளிப்பக்க முன் ஷாக் பம்ப் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதன்பிறகு அந்த மூலையில் விறைப்பு பல மடங்கு ஏறும். சக்கரம் பள்ளத்தைத் தொடர முடியாமல் டயரின் மேலுள்ள பாரம் எகிறி விழும், பிடி போகும், மூக்கு வெளியே ஓடும். இதற்குக் காரணம் ஸ்பிரிங் மென்மையாக இருப்பது அல்ல, ஷாக் நகர இடமில்லாததுதான்.

காயில்ஓவர் வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் சில கணக்குகளைப் பாருங்கள். உங்கள் கார் ஓட்டுநரோடு 1150 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன்.

0.7 ஜி பக்கவாட்டு முடுக்கத்தில் ஒரு வளைவைச் சுற்றும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு எவ்வளவு பாரம் மாறும்? எடை, பக்கவாட்டு ஜி அளவு, ஈர்ப்பு மைய உயரம் மூன்றையும் பெருக்கி, இடவலச் சக்கரங்களின் இடைவெளியால் வகுத்தால் வரும். மைய உயரம் 0.55 மீட்டர், இடைவெளி 1.47 மீட்டர் என்றால் சுமார் 301 கிலோ. காரை 30 மி.மீ. இறக்கினால் அதே கணக்கு 285 கிலோ. குறைந்தது 16 கிலோதான். இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எண் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். விறைப்பான ஸ்பிரிங் சாய்வைக் குறைக்கும், மொத்தப் பாரமாற்றத்தைக் குறைக்காது. அந்த 301 கிலோவில் முன்னச்சு எவ்வளவு சுமக்கும், பின்னச்சு எவ்வளவு சுமக்கும் என்ற பங்கீட்டை மட்டும்தான் ஸ்பிரிங்காலும் ஆன்ட்டி ரோல் பாராலும் (இடவலச் சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) மாற்ற முடியும். கார் மூக்கைத் தள்ளுமா, வாலை வீசுமா என்பது பெரும்பாலும் அந்தப் பங்கீட்டில் இருக்கிறது.

அடுத்து அதிர்வெண். உங்கள் முன் ஸ்பிரிங் ஆரம்பத்தில் மில்லிமீட்டருக்கு 22 நியூட்டன் என்று வைப்போம். ஸ்ட்ரட் சற்றுச் சாய்ந்து நிற்பதால் சக்கரத்தில் கிடைப்பது அதில் 90 சதவீதம்தான், கிட்டத்தட்ட 20. அந்த மூலையில் ஸ்பிரிங்கின் மேல் உட்காரும் எடை 320 கிலோ. விறைப்பை மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று மாற்றி, எடையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, அதை 2π-ஆல் வகுத்தால் 1.25 ஹெர்ட்ஸ் வரும். சாதாரணச் சாலைக் கார்கள் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். 30 சதவீதம் விறைப்பான லோயரிங் ஸ்பிரிங்கில் 1.43. ஆறாவதுகியர் சொன்ன 60 நியூட்டன் ஸ்பிரிங்கை உங்கள் காரில் போட்டால் 2.07. அது வழவழப்பான பந்தயத் தடத்துக்கான எண்.

கடைசியாக ஷாக். ஸ்பிரிங் விறைக்கும்போது அதே அளவுக்கு ஆட்டத்தை அடக்க, ஷாக்கின் தடுப்பும் விறைப்பின் வர்க்கமூல விகிதத்தில் ஏற வேண்டும். 30 சதவீத விறைப்புக்கு 14 சதவீதம் கூடுதல் தடுப்பு. 22-லிருந்து 60-க்குப் போனால் 65 சதவீதம் கூடுதல். உங்கள் ஸ்டாக் ஷாக் பழையது, அதன் மேல் விறைப்பான ஸ்பிரிங். மேட்டில் இரண்டு மூன்று தடவை ஆடுவது அதனால்தான்.

லோயர் ஆர்ம் சாய்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டில் காரை இறக்கினால் ஈர்ப்பு மையம் எவ்வளவு இறங்குகிறதோ அதைவிட அதிகமாக ரோல் சென்டர் (பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) இறங்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் பாடியைச் சாய்க்கும் நெம்புகோல். அது நீண்டுவிட்டால், இறக்கிய காரே கூடுதலாகச் சாயும். ஆர்மின் வெளிமுனை மேலே போகப்போக, சக்கரம் அமுங்கும்போது கிடைக்க வேண்டிய நெகட்டிவ் கேம்பரும் (சக்கரத்தின் மேல்முனை உள்நோக்கிச் சாய்வது) சுருங்கி, ஒரு கட்டத்துக்குப் பிறகு எதிர்ப்பக்கம் திரும்பும். டை ராடின் கோணமும் கெடும். பள்ளத்தில் விழும்போது ஸ்டீயரிங் தானாக இழுப்பது அதனால்தான்.

என் கருத்து தெளிவானது: இந்தக் காரை உயர்த்துங்கள். ஆர்ம் கிடைமட்டமாகவோ, வெளிமுனை சற்றுத் தாழ்ந்தோ நிற்கட்டும்.

ஆறாவதுகியர் எழுதியது:

கணக்கெல்லாம் சரி. ஆனா என் கார் நிஜமாவே நல்லா திரும்புது. ரேஸ் கார் எல்லாமே கல்லு மாதிரி விறைப்பாத்தானே இருக்கு? மென்மையான ஸ்பிரிங்தான் நல்லதுன்னா அவங்க ஏன் போடல?

நியூட்டன்மீட்டர் எழுதியது:

நீங்கள் ஓட்டும் தடம் மட்டமாக இருந்தால் உங்கள் அனுபவம் உண்மைதான், மறுக்கவில்லை. விறைப்பான கார் ஸ்டீயரிங் அசைவுக்குச் சட்டென்று பதில் சொல்லும். அந்தச் சுறுசுறுப்புக்கும் டயரின் பிடிமானத்துக்கும் சம்பந்தமில்லை.

ரேஸ் காரின் காரணம் வேறு. 1980-களின் தொடக்கத்து கிரவுண்ட் எஃபெக்ட் ஃபார்முலா ஒன் கார்களில் ஸ்பிரிங் மிகக் கடினமாக இருந்ததற்குக் காற்றழுத்தமே காரணம். காரின் அடிப்பரப்புக்கும் தரைக்கும் இடைவெளி மாறினால் கீழ்நோக்கிய அழுத்தமே குலைந்துவிடும். நம் கார்களுக்கு அந்தக் கவலை கிடையாது.

எதிர்ப்பக்க உதாரணம் 1962-இல் வந்த லோட்டஸ் எலான். எடை 700 கிலோவுக்கும் குறைவு, முதுகெலும்பு போல நடுவில் ஓடும் விறைப்பான எஃகு சாசி, ஸ்பிரிங்கோ மென்மை, நகர்வு தாராளம். வளைவில் நன்றாகவே சாயும். ஆனாலும் சாலையில் ஓட்டும் கார்களின் கையாளுதலுக்கு இன்றுவரை அளவுகோலாகப் பேசப்படுவது அது.

மலைப்பாதை எழுதியது:

இந்த இழையைத் தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். தரமான ஷாக் மட்டும் மாற்றி, ஸ்பிரிங்கை கம்பெனி உயரத்திலேயே விட்ட கார்தான் என்னுடையது. மலையில் அதைவிட நிம்மதியான கார் நான் ஓட்டியதில்லை.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷாக்கின் நீளம் உயரத்துக்குப் பொருந்த வேண்டும். பில்ஸ்டீன் பிராண்ட் ஷாக்கில் பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 இறக்கிய ஸ்பிரிங்குக்காகக் குட்டையாக்கப்பட்டது. கேடபிள்யூ பிராண்ட் காயில்ஓவரில் வேரியன்ட் 1 என்றால் உயரம் மட்டும் மாற்றலாம், 2-இல் ரீபவுண்டும் (ஷாக் விரியும்போதுள்ள தடுப்பு) மாற்றலாம், 3-இல் கம்ப்ரெஷனும் (அமுங்கும்போதுள்ள தடுப்பு) சேரும். சாலைக் காருக்கு ரீபவுண்ட் ஒன்றை மட்டும் மாற்ற முடிந்தாலே தாராளம். திருகு அதிகமாக இருந்தால் எது எதைச் செய்கிறது என்பதே புரியாமல் போகும்.

செட் செய்யும் முறை இது. திருகை மெதுவாகக் கடைசி வரை மூடுங்கள், முட்டியதும் அழுத்தித் திருகக்கூடாது. அங்கிருந்து எத்தனை கிளிக் திறக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். இடமும் வலமும் ஒரே எண். முழுக்கத் திறந்து தொடங்குங்கள். நன்கு தெரிந்த ஒரே சாலைத் துண்டில், குளிர்ந்த டயரில் ஒரே காற்றழுத்தம் வைத்து, ஓட்டிப் பாருங்கள். மேடு இறங்கியதும் பாடி மேலெழுந்து இரண்டாவது தடவை ஆடினால் ஒரு கிளிக் மூடுங்கள். அந்த இரண்டாவது ஆட்டம் நின்ற இடம்தான் உங்கள் இடம். அதற்கு மேல் மூடினால் ஓட்டும்போது விறைப்பாக இருப்பது பிடித்துப்போகும். ஆனால் அடுத்தடுத்துச் சிறு அலைகள் உள்ள சாலையில், ஒவ்வொரு அலைக்கும் சக்கரம் முழுதாகக் கீழே திரும்பும் முன் அடுத்தது வந்துவிடும். கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அமுங்கிக்கொண்டே போகும், ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம் வரும். அதை உணர்ந்தால் உடனே இரண்டு கிளிக் திறந்துவிடுங்கள்.

ஒரே நேரத்தில் முன்னையும் பின்னையும் தொடாதீர்கள். ஷாக்கின் வேலை அசைவு நடக்கும்போது மட்டும்தான்: திருப்பும் தொடக்கம், பிரேக்கை விடும் நொடி, பள்ளம். நீண்ட வளைவில் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மூக்கு தள்ளினால், அதை ஷாக் திருகில் சரிசெய்ய முடியாது. அப்போது டயர் அழுத்தம், கேம்பர், பார் பக்கம் போங்கள்.

டயர்தடம் எழுதியது:

பின்னால் தடித்த ஆன்ட்டி ரோல் பார் போட்டால் மூக்கு தள்ளுவது குறையும் என்கிறார்களே, அதை முதலில் செய்துவிடலாமா? 2 மி.மீ. தடிப்பு கூடினால் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்றும் தோன்றுகிறது.

நியூட்டன்மீட்டர் எழுதியது:

வித்தியாசம் பெரிது. பாரின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 மி.மீ. பாரை 22 ஆக்கினால் விறைப்பு 46 சதவீதம் கூடும்.

பின்னால் விறைப்பைக் கூட்டினால் பாரமாற்றத்தில் பின்னச்சின் பங்கு ஏறும், முன் வெளிப்பக்க டயர் இளைப்பாறும், மூக்கு நன்றாக உள்ளே வரும். உலர்ந்த சாலையில் சுகம். ஈரச் சாலையில், வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரை விடும்போது, அதே பார் பின்பக்கத்தை வீசவைக்கும். பின்சீட்டில் குடும்பம் வைத்து ஓட்டும் ஒருவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தவிர, டார்ஷன் பீமின் குறுக்கு உத்திரமே முறுகும்போது ஒரு பாராக வேலை செய்கிறது. பார் ஒருபக்கப் பள்ளத்தை மறுபக்கச் சக்கரத்துக்கும் கடத்தும் என்பதையும் நினைவில் வையுங்கள். மற்ற எல்லாம் சரியான பிறகும் குறை மிச்சமிருந்தால் கடைசியாகத் தொட வேண்டியது அது.

சக்கரம் பற்றியும் ஒரு வார்த்தை. டயரும் ஒரு ஸ்பிரிங்தான். 17 அங்குலச் சக்கரத்தில் பக்கச்சுவர் குட்டை, சக்கரத்தின் எடையும் பெரும்பாலும் அதிகம். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடினால் ஷாக்குக்கு அந்தச் சக்கரத்தைச் சாலையோடு ஒட்டிவைப்பது கடினமாகும். புதுச்சாவி 16-க்கு இறங்கினால் மகிழ்வேன்.

பட்டறைக்காரன் எழுதியது:

வேலை பார்க்கும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்லிடறேன் தம்பி, மெக்கானிக்கிட்டயும் சொல்லுங்க.

புது லோயர் ஆர்ம் மாட்டும்போது புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கிட்டு இருக்கிறப்போ இறுக்கிடக் கூடாது. இந்த ரப்பர் உள் உருளையோடயும் வெளி உருளையோடயும் ஒட்டியே இருக்கும், சுழலாது, முறுகும். தொங்குற நிலையில் இறுக்கினா வண்டி கீழே இறங்கினதும் ரப்பர் நிரந்தரமா முறுகி நிக்கும், சீக்கிரமே கிழியும், வண்டியும் சரியான உயரத்துக்கு உட்காராது. எல்லாத்தையும் கையால மாட்டி, வண்டியை அதன் எடையில் நிறுத்தி, அப்புறம் டார்க் ரெஞ்சில் இறுக்கணும். உங்க வலதுபக்க புஷ் கிழிஞ்சதுக்கும் இது காரணமா இருக்கலாம்.

பாலியூரித்தேன் புஷ் போடலாமான்னு கேட்பீங்க. ஒரே அச்சில் சுழலுற இடத்தில் போடலாம், கிரீஸ் வைக்கணும், சத்தம் வரும். பல பக்கம் வளைய வேண்டிய இடத்தில் போட்டா அது இறுகிப் பிடிச்சுக்கும். தினசரி ஓடுற வண்டிக்கு நல்ல ரப்பரே போதும்.

ஸ்ட்ரட் தண்டின் மேல் நட்டை இம்பாக்ட் கன் வச்சு சுத்தினா தண்டும் சேர்ந்து சுத்தும், உள்ளே சீல் போயிடும். தண்டைச் சாவியால் பிடிச்சுக்கிட்டுத்தான் இறுக்கணும். ஸ்பிரிங் கம்ப்ரெசரைக் கையில் எடுக்கிற வேலையை அனுபவம் உள்ளவர்கிட்ட விடுங்க. அமுங்கிய ஸ்பிரிங் தெறிச்சா உயிருக்கே ஆபத்து.

அலைன்மென்ட் எல்லாத்துக்கும் கடைசி. ஓட்டுநர் சீட்டில் உங்க எடைக்குச் சமமா பாரம் வைங்க, டேங்க் பாதி. காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தா ஸ்டீயரிங் அச்சின் சாய்வு), கேம்பர் முதலில், டோ கடைசியில். கேம்பரைத் தொட்டா டோ மாறும், அதனால் வரிசை மாறக்கூடாது. உங்க உபயோகத்துக்கு முன்னாடி நெகட்டிவ் கேம்பர் 1 டிகிரியிலிருந்து ஒன்றரை வரை, இடது வலது சமமா இருக்கட்டும். டோ பூஜ்யம், இல்லேன்னா கம்பெனி அளவு. உள்விளிம்பைத் தின்னது கேம்பர்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. உங்க வண்டியில் தின்னது டோ அவுட். கேம்பர் மட்டும்னா டயர் இவ்வளவு வேகமா போகாது. ஸ்ட்ரட்டில் கேம்பர் திருத்த வழி இல்லேன்னா எக்சென்ட்ரிக் போல்ட் கிடைக்கும், அதில் தேவையான அளவு வரும்.

புதுச்சாவி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வேலை முடிந்தது. பழைய லோயரிங் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு கம்பெனி விறைப்பைவிடக் கொஞ்சம் கூடுதலான, 15 மி.மீ. மட்டும் இறங்கும் ஸ்பிரிங், அதற்குப் பொருந்தும் ரீபவுண்ட் திருகு வைத்த ஷாக், புது பம்ப் ஸ்டாப், மேல்மவுன்ட், இரண்டு லோயர் ஆர்ம். சக்கரம் 16. அண்ணன் சொன்னபடி புஷ் போல்ட்டைக் காரை இறக்கி நிறுத்திய பிறகே இறுக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்றேன். கேம்பர் இரண்டு பக்கமும் நெகட்டிவ் 1.2, டோ பூஜ்யம்.

மிச்சம் இப்போது முன்னால் 37 மி.மீ. ஜிப் டை வழக்கமான சாலையில் பம்ப் ஸ்டாப்பைத் தொடவே இல்லை. அதே வளைவு, அதே பள்ளம்: சக்கரம் இறங்கி ஏறுவது தெரிகிறது, ஸ்டீயரிங் பிடித்த கோட்டிலேயே போகிறது. முன்னைவிடக் கொஞ்சம் சாய்கிறது, ஆனால் சாய்வு ஒரே சீராக வந்து ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. மலைப்பாதை அக்கா சொன்ன முறையில் திருகை வைத்ததில் மேட்டுக்குப் பிறகான இரண்டாவது ஆட்டம் போய்விட்டது. 

இரண்டு சந்தேகம். மெதுவாகப் போகும்போது இடதுபக்கம் மட்டும் லேசாக ஒரு தட்டல். இன்னொன்று, இரவில் எதிரே வருபவர்கள் லைட் அடித்துக் காட்டுகிறார்கள்.

பட்டறைக்காரன் எழுதியது:

நல்ல சேதி தம்பி. தட்டலுக்கு மூணு இடம் பாருங்க. லிங்க் ராட் நட்டு, மேல்மவுன்ட் நட்டு, அப்புறம் ஸ்பிரிங்கின் கீழ்முனை அதன் குழியில் சரியா உட்கார்ந்திருக்கான்னு. ஸ்டீயரிங்கை நின்ன இடத்திலேயே திருப்பச் சொல்லி, ஸ்பிரிங் மேல் விரலை வைங்க. துள்ளினா முனை உட்காரலை.

ஹெட்லைட் முன்பக்கம் உயர்ந்ததால் மேலே பார்க்குது. உயரம் மாறினா லைட்டையும் திரும்ப செட் பண்ணியே ஆகணும். தானா உயரம் சரிசெய்ற லைட் உள்ள வண்டின்னா சஸ்பென்ஷனில் இருக்கிற சென்சார் கம்பியையும் பாருங்க. முன்கண்ணாடியில் கேமரா இருக்கிற வண்டிக்குக் கேமரா காலிபரேஷனும் சேரும். ஸ்டீயரிங் நேரா இருக்கும்போது ஸ்டீயரிங் கோண சென்சாரையும் பூஜ்யம் ஆக்கச் சொல்லுங்க, இல்லேன்னா ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் தப்பா குறுக்கிடும்.

குடும்பவண்டி எழுதியது:

இழைக்கு நன்றி. என் கேள்வி: தனியாக ஓட்டும்போது நன்றாக இருக்கும் கார், நான்கு பேர் பெட்டியோடு ஏறினால் பின்னால் மிதக்கிறது. பின் ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால் போதுமா?

நியூட்டன்மீட்டர் எழுதியது:

பின்பக்கம்தான் பாரத்தால் அதிகம் மாறும். 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய மாரிஸ் ஓலி கண்டுசொன்ன ஒரு விதி உண்டு: பின்னச்சின் அதிர்வெண் முன்னச்சைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறுகிறது, பின் சக்கரம் தாமதமாக ஏறுகிறது. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப்பிடித்து, தலையாட்டல் சீக்கிரம் அடங்கும்.

பின் மூலையில் ஸ்பிரிங்கின் மேல் 185 கிலோவும் சக்கரத்தில் 14.3 நியூட்டன் விறைப்பும் இருந்தால் 1.4 ஹெர்ட்ஸ். ஆளும் பெட்டியும் சேர்ந்து அது 275 கிலோ ஆனால் 1.15-க்கு இறங்கிவிடும், முன்னச்சைவிடக் கீழே போய்விடும். நீங்கள் சொல்லும் மிதப்பு இதுதான். இதைச் சமாளிக்க நேரே விறைப்பான ஸ்பிரிங் போட்டால் தனியாக ஓட்டும்போது பின்பக்கம் துள்ளும். அமுங்க அமுங்க விறைக்கும் ப்ரோக்ரெசிவ் ஸ்பிரிங்கும் நல்ல பம்ப் ஸ்டாப்பும் இருந்தால் இரண்டு நிலைக்கும் நடுவில் ஓரளவு சமாதானம் கிடைக்கும். அதற்கு முன், ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலுள்ள ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்கான டயர் அழுத்தம் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் பின் டயருக்கு அந்த எண் நன்றாகவே அதிகம்.

நான்கு பேரையும் பெட்டியையும் ஏற்றிவிட்டு, பின் பம்ப் ஸ்டாப்புக்கு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று அளந்து போடுங்கள். ஸ்பிரிங் எண்ணைப் பிறகு பேசலாம்.